முதலில் சாணை, அப்புறம்தான் மரம்

பெங்களூரில் நாற்பதை நெருங்கும் பலருக்குச் சமீப காலமாக ஓர் ஆசை வந்திருக்கிறது. நாள் முழுக்கக் கணினித் திரையோடு மல்லுக்கட்டும் கையால், தொட்டுப் பார்க்கிற மாதிரி ஒரு பொருளைச் செய்துவிட வேண்டும். அதையும் மின்கருவி இல்லாமல் உளி, ரம்பம், இழைப்புளி வைத்தே செய்ய வேண்டும். ஆசை நல்லதுதான். ஆனால் அது பெரும்பாலும் ஒரே இரவில் ஆன்லைனில் கருவிகளை வாங்கிக் குவிப்பதில் தொடங்கி, ஆறு மாதத்தில் அவற்றைப் பரணில் ஏற்றுவதில் முடிந்துவிடுகிறது. மரம் வேண்டும், கருவி வேண்டும், பிறகு பொருத்தக் கற்க வேண்டும் என்று ஒரு வரிசை மனதில் இருக்கிறது. அந்த வரிசையில் கருவியைத் தீட்டும் பாடம் எங்குமே வருவதில்லை. தச்சு வேலை உண்மையில் தொடங்குவதே அங்கேதான்.

கைக்கருவிதான் வேண்டும் என்பதற்கு அழகான காரணங்கள் பல சொல்வார்கள். பெங்களூர்க்காரருக்கு அடுக்குமாடிக் குடியிருப்பே போதுமான காரணம். வட்ட ரம்பத்தைப் பால்கனியில் ஓட்டிப் பாருங்கள். பத்து நிமிடத்தில் செக்யூரிட்டி மணியடிப்பார். சாயங்காலத்துக்குள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் உங்கள் வீட்டு எண் வந்துவிடும். சத்தத்தைவிடத் தொல்லை தூசி. மின்கருவி கிளப்பும் நுண்தூள் மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும், நுரையீரலுக்குள் போகும். இழைப்புளியில் வருவதோ சுருள். கூட்டி அள்ளி, வீட்டு உரத்தொட்டியில் ஈரக் கழிவுக்கு மேல் போட்டுக்கொள்ளலாம். பிளைவுட் தூளை மட்டும் போடக் கூடாது. கைவேலையிலும் ஊரைக் கூட்டும் சத்தம் ஒன்று உண்டு: கொட்டாப்புளியால் உளியை அடித்துத் துளை போடுவது. அந்த அடி கான்கிரீட் தளம் வழியாகக் கீழ்வீட்டுக்கு நேராக இறங்கும். மேசைக் காலடியில் தடித்த ரப்பர் பாய் போடுங்கள். ஞாயிறு மதியம் ஊர் உண்டு உறங்கும் நேரத்தில் துளை போடாதீர்கள்.

இந்த வயதில் கை படியுமா? இதற்குப் பதிலாக ஒருவரின் வாழ்க்கையையே சொல்லலாம். அதில் புதுச்சேரிக்கும் பங்கு உண்டு. ஜார்ஜ் நகாஷிமா 1905-இல் அமெரிக்காவில் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தவர். எம்.ஐ.டி.யில் கட்டடக்கலை படித்தார். 1930-களில் டோக்கியோவில் அன்டோனின் ரேமண்டின் அலுவலகத்தில் சேர்ந்தார். அரவிந்தர் ஆசிரமத்துக்காக ரேமண்ட் வடிவமைத்த கோல்கொண்டே விடுதியின் கட்டுமானத்தைக் கவனிக்கப் புதுச்சேரிக்கு வந்தவர், ஆசிரமவாசியாகவே ஆகிவிட்டார். சுந்தரானந்தா என்ற பெயரையும் அங்கே பெற்றார். அந்த விடுதிக்கு மரச்சாமான்கள் வடிவமைத்ததுதான் அவர் பிற்காலத்தில் ஈடுபட்ட தொழிலுக்குத் தொடக்கம். போர் வந்தது. அவர் அமெரிக்கா திரும்பியிருந்தார். 1942-இல் அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சாவளியினரைப் பிடித்து அடைத்தபோது, ஐடஹோவில் இருந்த மினிடோகா முகாமுக்குக் குடும்பத்தோடு போனார். அங்கே கெண்டாரோ ஹிகோகாவா என்ற தச்சர் கிடைத்தார். ஜப்பானியக் கைக்கருவிகளைப் பிடிக்கவும் தீட்டவும், கிடைத்த கட்டையைப் பார்த்து வேலையை முடிவு செய்யவும் நகாஷிமா முறையாகக் கற்றுக்கொண்டது அவரிடம்தான். அப்போது நகாஷிமாவுக்கு வயது 37. பின்னாளில் 20-ஆம் நூற்றாண்டின் பெரிய மரவேலைக்காரர்களில் ஒருவராகப் பெயர் பெற்றார். 1964-இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கும் வந்து மரச்சாமான்கள் வடிவமைத்துக் கொடுத்தார்.

எல்லோரும் நகாஷிமா ஆக வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். வடிவம் பற்றி எல்லாம் தெரிந்த ஒரு கட்டடக்கலைஞர், கருவி விஷயத்தில் ஒரு தச்சரின் பக்கத்தில் உட்கார வேண்டியிருந்தது. நம் ஊரிலும் ஆசாரி வீட்டுப் பிள்ளைகள் அப்படித்தான் கற்றார்கள். சுருள் பொறுக்குவது, கருவி எடுத்துக் கொடுப்பது, உளி தீட்டுவது என்று சில வருடம் போன பிறகுதான் நல்ல மரம் கையில் வரும். வளர்ந்தபின் வருகிறவருக்கு அந்த வருடங்கள் கிடையாது. ஆனால் அளவும் கோணமும் புரியும், பாழாகிற மரத்துக்குத் தானே காசு கொடுக்க முடியும், மூத்தவர்களின் திட்டும் கிடையாது. ஆகவே அந்தப் பாடத்தைச் சுருக்கலாம், தவிர்க்க முடியாது.

சாணைக்கு வருவோம்.

கடையில் வாங்கிய உளி வெட்டத் தயாராக இருப்பதில்லை. துரு பிடிக்காமலிருக்க மேலே வார்னிஷ் பூசியிருப்பார்கள். அடியில் அரவை இயந்திரம் போட்ட கீறல்கள் இருக்கும். உளியின் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் சரிவு. இரண்டும் சந்திக்கும் கோடுதான் கூர். சரிவுப் பக்கத்தை எவ்வளவு தேய்த்தாலும், தட்டைப் பக்கத்தில் கீறல் இருந்தால் அந்தக் கூர் ரம்பப் பல் மாதிரிதான் நிற்கும். அதனால் முதல் வேலை தட்டைப் பக்கத்தில். உளி முழுவதையும் தேய்க்க வேண்டாம். நுனியிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் போதும். கண்ணாடிக் கடையில் 10 மி.மீ. தடிமனில் ஒரு துண்டு வாங்கி ஓரத்தை மழுக்கிக் கொள்ளுங்கள். அதன்மேல் வாட்டர் பேப்பரை நனைத்து ஒட்டவைத்து, உளியைப் படுக்கவைத்து, நுனியை விரலால் அமுக்கித் தேய்க்க வேண்டும். 240-இல் தொடங்கி 400, 800, 1200, 2000 என்று போகலாம். ஒரு தாளின் கீறல் முழுக்க மறைந்த பிறகுதான் அடுத்த தாள். இதில் அவசரப்பட்டால் 2000-இல் தேய்த்தும் 240-இன் கீறல் சிரிக்கும். வேலை சலிப்பானதுதான். ஆனால் ஓர் உளிக்கு வாழ்நாளில் ஒரு முறை செய்தால் போதும்.

அடுத்தது சரிவு. பொதுவான வேலைக்கு 25 முதல் 30 பாகை. கோணமானி வேண்டாம்; ஒரு கணக்குப் போதும். சரிவின் நீளம் தகட்டின் தடிமனைப்போல் இரண்டு மடங்கு இருந்தால் கோணம் 30 பாகை. 3 மி.மீ. தடிமனுள்ள உளிக்குச் சரிவு 6 மி.மீ. இருந்தால் 30, 7 மி.மீ. இருந்தால் ஏறக்குறைய 25. தீட்டுகல்லுக்கு எங்கும் அலைய வேண்டாம். ஒரு பக்கம் கரடு, மறுபக்கம் நைஸ் என்று இரு தரம் சேர்ந்த கார்போரண்டம் கல் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். 1954-இல் முருகப்பா குழுமம் சென்னையில் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தின் கற்கள் பல தச்சர்களின் பையில் இருப்பவை. கல்லில் எண்ணெய் விட்டு, சரிவு முழுதும் கல்லில் படிவதை விரலால் உணர்ந்து, அந்தக் கோணம் மாறாமல் இழுங்கள். மணிக்கட்டு ஆடினால் சரிவு குடைசாய்ந்து உருண்டுவிடும். மணிக்கட்டைப் பூட்டிவிட்டு, தோளிலிருந்தும் இடுப்பிலிருந்தும் உடம்பை அசைத்துத் தேய்த்தால் கோணம் நிற்கும்.

எப்போது நிறுத்துவது? தட்டைப் பக்கத்தில் விரல் நுனியை வைத்து, கூருக்கு வெளிப்புறமாகத் தள்ளிப் பாருங்கள். மெல்லிய முள் மாதிரி ஒன்று நெருடும். கூர் நெடுகிலும் விரலை ஓட்டாதீர்கள், வெட்டிவிடும். அந்த நெருடல்தான் பிசிர். நுனியின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை பிசிர் எழுந்துவிட்டால், இரண்டு பக்கமும் சந்தித்துவிட்டன என்று அர்த்தம். பாதி அகலத்துக்கு மட்டும் எழுந்திருந்தால் மீதிப் பாதி இன்னும் மொட்டை. பிசிர் எழுந்ததும் நைஸ் பக்கத்துக்குப் போய், பிறகு தட்டைப் பக்கத்தைக் கல்லில் படுக்கவைத்து இரண்டு இழுப்பு. கடைசியில் பழைய தோல் பெல்ட்டை ஒரு பலகையில் ஒட்டி, எவர்சில்வர் பாலிஷுக்கு விற்கும் பச்சை மெழுகைப் பூசி, அதில் பின்னோக்கிப் பத்துப் பதினைந்து முறை இழுத்தால் பிசிர் உதிரும்.

கூர் வந்ததா என்று பார்க்கக் கை மயிரை மழிப்பவர்கள் உண்டு. வித்தையாக நன்றாக இருக்கும், ஆனால் நம்ப முடியாத சோதனை. பைன் கட்டையின் வெட்டுமுகத்தைச் சீவிப் பாருங்கள். பைன் மென்மையானது, கூர் மொட்டையானால் நார் வெட்டுப்படாமல் நசுங்கி வெள்ளையாகப் பொடியும். கூர் சரியாக இருந்தால் முகம் மெழுகு பூசினாற்போல் பளபளக்கும், சீவல் உடையாமல் ஒரே துண்டாக வரும். இந்த வித்தியாசத்தை ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு யாரும் சொல்ல வேண்டியதில்லை, நீங்களே கல்லுக்குப் போவீர்கள். வேலை நடுவே கால்மணி, இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை கல்லில் நாலு இழுப்பு இழுப்பது வேலையின் பகுதி. தச்சர்கள் அதை இடைவேளையாகக் கணக்கில் வைப்பதில்லை.

ஆக, கருவிப் பட்டியல் சிறியதாகிவிடுகிறது. 6, 12, 25 மி.மீ. அகலத்தில் மூன்று உளி, ஒரு கொட்டாப்புளி, ஒரு மூலைமட்டம், பலகை ஓரத்துக்கு இணையாகக் கோடு கீறும் கட்டை, ஒரு கூரான கத்தி, ரம்பம், இழைப்புளி. கத்தியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பென்சில் கோட்டுக்குத் தடிமன் உண்டு. அதன் எந்த ஓரத்தில் வெட்டுவது என்ற குழப்பம் எப்போதும் இருக்கும். கத்தியால் கீறிய கோடு மேல் நாரை ஏற்கெனவே அறுத்துவிடுகிறது. உளியின் நுனி அந்தக் கீறலுக்குள் தானாகப் போய் உட்காரும். பொருத்து இறுக்கமாக வருவதில் பாதி ரகசியம் அதுதான்.

ரம்பத்தில் ஒரு தேர்வு இருக்கிறது. இப்போது கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை தள்ளும்போது அறுப்பவை. பல் நுனி கறுத்து, மின்சாரத்தால் கடினமாக்கப்பட்டிருக்கும். மொட்டையானால் அரத்தால் தீட்ட முடியாது, தூக்கிப் போட வேண்டியதுதான். ஜப்பானிய ரம்பம் இழுக்கும்போது அறுக்கும். இழுவையில் தகடு விறைத்து நிற்பதால் மெல்லியதாகச் செய்ய முடிகிறது, கோடும் வளையாது. தரையில் உட்கார்ந்து வேலை செய்த நம் பழைய தச்சர்களின் ரம்பங்களிலும் இழுத்து அறுப்பவை உண்டு. புதிதாக வருகிறவர் இழுப்பு ரம்பத்தில் ஆரம்பிப்பதே நல்லது. முப்பட்டை அரத்தால் பல் தீட்டும் பாடம் இரண்டாம் வருடத்துக்கு இருக்கட்டும்.

இழைப்புளிக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். இந்தியக் கடைகளில் இருக்கும் இரும்பு இழைப்புளிகள், அனந்த் ஆனாலும் குரோஸ் ஆனாலும், அமெரிக்கர் லியனார்ட் பெய்லி வகுத்த அமைப்பையே பின்பற்றுபவை. அவரது தொழிலை 1869-இல் ஸ்டான்லி நிறுவனம் வாங்கியது. எண்களும் ஸ்டான்லி வைத்தவையே. ஒன்றுதான் வாங்குவேன் என்றால் 5-ஆம் எண், 14 அங்குல நீளம், வாங்குங்கள். 4-ஆம் எண் கைக்கு அடக்கமாக இருக்கும், ஆனால் குட்டையானது பள்ளத்துக்குள்ளும் இறங்கி ஏறும். நீளமானதுதான் மேட்டை மட்டும் சீவும். பெங்களூர் பட்டறைகளில் இன்று இந்தி பேசும் தச்சர்கள் அதிகம் என்பதால் கடைக்காரரிடம் ‘ரந்தா’ என்றே கேட்கலாம். விலை குறைந்ததை வாங்கினால் அடிப்பாகம் சமமாக இருக்காது. அதே கண்ணாடி, கரடுத் தாள் வைத்து அதையும் தேய்க்க வேண்டும். தகட்டின்மேல் திருகி நிற்கும் மூடித் தகட்டின் நுனி, கூரிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்குள் நிற்கட்டும். கடைசி மெருகுக்கு இன்னும் நெருக்கிக்கொள்ளலாம். இடையில் வெளிச்சம் தெரிந்தால் சுருள் அங்கே போய்ச் சிக்கி அடைத்துக்கொள்ளும். அடிப்பாகத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் கூர் ஒரு கறுப்பு மயிரிழையாகத் தெரிய வேண்டும், இரண்டு ஓரத்திலும் ஒரே அளவாக.

சிவாஜிநகர் பழைய சாமான் கடைகளிலும் சிக்பேட்டைப் பக்கத்து ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் பழைய கருவிகள் கண்ணில் படும். துருவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உளியின் தட்டைப் பக்கத்தில், நுனியருகே துரு தின்ற குழி இருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள். அந்தக் குழி கூருக்கு வரும்போதெல்லாம் கூரில் பல் விழும்.

இனி மரம். மைசூர் சாலையை ஒட்டிய டிம்பர் யார்டு லேஅவுட்டுக்கு முதல் முறை போகிறவர் கொஞ்சம் மிரண்டுதான் போவார். மரம் கன அடிக் கணக்கில் விற்கும். நீளத்தை அடியிலும், அகலத்தையும் தடிமனையும் அங்குலத்திலும் எடுத்துப் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி. ஆறடி நீளம், எட்டு அங்குல அகலம், ஓர் அங்குலத் தடிமன் என்றால் 48-ஐ 144-ஆல் வகுக்க மூன்றில் ஒரு பங்கு. இந்தக் கணக்கு வாயில் இருந்தால் கடையில் மரியாதை கொஞ்சம் கூடும். அறுப்புக் கூலி தனியா, சேர்த்தா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

தேக்கில் ஆரம்பிக்காதீர்கள். ராஜ மரம்தான், மறுப்பதற்கில்லை. தாண்டேலித் தேக்கு, நிலம்பூர்த் தேக்கு என்று கடைக்காரர் சொல்லும்போதே விலை ஏறிவிடும். ஆனால் தேக்குக்குள் சிலிகா இருக்கிறது. கூரை வேகமாகத் தின்றுவிடும். தீட்டப் பழகாத கைக்கு அது தண்டனை. முதல் சில மாதம் பைன் போதும். பீன்யா, பொம்மசந்திரா தொழிற்பேட்டைகளுக்கு இயந்திரங்கள் வரும் பெட்டிகளின் பலகைகளைப் பழைய மரக் கடைகளில் மலிவாகத் தருவார்கள். அதில் சூடிட்ட முத்திரையைப் பாருங்கள். எச்.டி. என்றிருந்தால் வெப்பத்தால் பூச்சி நீக்கியது, எடுக்கலாம். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு நச்சுப்புகை போட்டது. வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள்.

பைனுக்கு அடுத்தபடி எங்கள் பக்கத்தின் சரக்கு ஒன்று இருக்கிறது: சில்வர் ஓக். குடகிலும் சிக்மகளூரிலும் காபித் தோட்டத்தில் நிழலுக்கு வளர்ப்பது, பெங்களூரில் தாராளமாகக் கிடைக்கும். ஆரப்போக்கில், அதாவது நடுவிலிருந்து பட்டையை நோக்கி, அறுத்த பலகையில் சரிகை வேலைப்பாடு போன்ற புள்ளிகள் எழும். இந்த அழகை விட்டுவிட்டு இதைப் பெட்டி அடிக்கவும் சட்டம் போடவும் செலவழிக்கிறார்களே என்று எனக்குத் தோன்றுவதுண்டு. சிலருக்கு இதன் சாறும் தூளும் பட்டால் தோல் அரிக்கும், கவனித்துக்கொள்ளுங்கள். அறுபது கிலோமீட்டர் தள்ளிச் சன்னபட்டணத்தில் பொம்மை கடைய எடுக்கும் வெட்பாலை இழைப்பதற்கு வெண்ணெய்தான், ஆனால் பெரிய பலகையாகக் கிடைப்பது அரிது.

எந்த மரமானாலும் வைரமும் வெள்ளையும் பிரித்துப் பாருங்கள். உள்கட்டையான வைரம் நிறம் ஏறியிருக்கும், பூச்சி எளிதில் தொடாது. வெளிப்பக்கத்து வெள்ளையில் செல்லரிக்கும். வேகமாக வளர்த்த தோட்டத் தேக்கில் வெள்ளை அதிகம். பலகையின் பக்கவாட்டில் நார் எந்தப் பக்கம் மேலேறிப் போகிறது என்று பார்த்து, அது ஏறும் திசையிலேயே இழைக்க வேண்டும். எதிர்த்துப் போனால் கூர் நாரின் அடியில் புகுந்து நெம்பிப் பிய்க்கும். இழைக்கும்போது சத்தம் மாறினாலே பலகையைத் திருப்பிப் போடலாம். சரியான திசையில் சீறும், தப்பான திசையில் கரகரக்கும்.

வாங்கி வந்த மரத்தை உடனே தொடாதீர்கள். மரம் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கும், விடும். பெங்களூரில் மார்ச் மாதப் பகல் வறண்டு கிடக்கும். ஜூலை தொட்டு அக்டோபர் வரை காற்றில் ஈரம். நீளவாக்கில் மரம் அசைவதே இல்லை எனலாம். அகலவாக்கில் அசையும். தேக்கு குறைவாக அசையும் மரம். அதுவே மரத்தின் ஈரம் ஒரு சதவீதம் மாறினால் வளையத்தின் போக்கில் ஏறக்குறைய 0.2 சதவீதம் அகலம் மாறும். ஓரடி அகலப் பலகையில் ஈரம் ஐந்து சதவீதம் மாறினால் மூன்று மில்லிமீட்டர். ஆரப்போக்கில் அறுத்த பலகையானால் அதில் ஏறக்குறைய பாதி. இந்திய நிலப்பரப்பைத் தட்பவெப்பத்தை வைத்து நான்கு மண்டலமாகப் பிரித்து, எங்கே எந்த வேலைக்கு எவ்வளவு ஈரம் இருக்கலாம் என்று சொல்லும் தர விதி ஐ.எஸ். 287. அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், பலகைகளுக்கு இடையே குச்சி வைத்து அடுக்கி, வேலை செய்யப் போகும் அறையிலேயே சில வாரம் விட்டுவிடுங்கள்.

எந்த மரம் என்று கடைக்காரர் சொல்வதில் சந்தேகம் வந்தால், இந்த ஊரில் கேட்க ஓர் இடம் உண்டு. மல்லேஸ்வரம் 18-ஆவது கிராஸில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம், 1938-இல் மைசூர் அரசின் வன ஆராய்ச்சிக் கூடமாகத் தொடங்கி, 1988-இல் இன்றைய வடிவம் பெற்றது. மரத் துண்டைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால் இனம் பார்த்துச் சொல்வார்கள். குறுகிய காலப் பயிற்சிகளும் உண்டு. மரவேலைப் பயிற்சி மையம் ஒன்றும் இருக்கிறது, ஆனால் அது இயந்திரங்களுக்கானது. கையால் உளி பிடிக்கச் சொல்லித்தரும் அரசுப் படிப்பைத் தேடினால் ஐ.டி.ஐ. தச்சுப் பிரிவுவரை போக வேண்டும். வேலைக்குப் போகிறவருக்கு அது ஒத்து வராது.

முதலில் என்ன செய்வது? டைனிங் டேபிள் என்று ஆரம்பிக்கிறவர்களைக் கண்டால் பாவமாக இருக்கிறது. மணைப்பலகை செய்யுங்கள். ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலம், ஓர் அங்குலத் தடிமன், அடியில் குறுக்கே இரண்டு சட்டம். மொத்தப் பலகை அரைக்கால் கன அடி. கெட்டுப் போனாலும் கை கடிக்காது. இந்த ஒன்றில் ஏறக்குறைய எல்லாப் பாடமும் அடங்கும். முதலில் ஒரு முகத்தைச் சமமாக்க வேண்டும். நேரான இரண்டு சட்டங்களைப் பலகையின் இரு தலையிலும் நிறுத்தி, ஒரு கண்ணால் அவற்றின் மேல்விளிம்புகளைச் சேர்த்துப் பாருங்கள். இணையாக இல்லாவிட்டால் பலகையில் முறுக்கு இருக்கிறது. உயர்ந்த இரண்டு எதிர்மூலைகளைக் குறுக்குவாட்டில் சீவி இறக்குங்கள். பிறகு அந்த முகத்தை வைத்து ஒரு விளிம்பை மூலைமட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். பிறகு தடிமனைச் சுற்றிலும் கீறி, அடுத்த முகத்தை அந்தக் கீறல் வரை இறக்குங்கள். எந்தப் பெரிய வேலைக்கும் இதே வரிசைதான்.

அடிச்சட்டத்தில்தான் மரத்தின் அசைவு வேலை காட்டும். பலகையின் நார் நெடுக்கில் ஓடுகிறது, சட்டத்தின் நார் குறுக்கில். சட்டத்தை முழு நீளத்துக்கும் பெவிகால் போட்டு ஒட்டிவிட்டால் பலகை சுருங்க முயலும், சட்டம் விடாது. ஒரு கோடைக்குள் நடுவில் பிளவு விழும். பழைய மணைகளில் பலகையின் அடியில் உள்ளே அகன்று வாயில் குறுகிய பள்ளம் வெட்டி, சட்டத்தைப் பக்கவாட்டிலிருந்து அதில் தள்ளிச் செருகியிருப்பதைப் பார்க்கலாம். பசை இல்லை, ஆணி இல்லை. பலகை தன் பாட்டுக்கு விரியும் சுருங்கும், சட்டம் அதை வளையாமல் பிடித்துக்கொள்ளும். பசை போட்டே ஆக வேண்டுமென்றால் நடுவில் ஓர் அங்குலத்துக்கு மட்டும். அந்தப் பள்ளம் கஷ்டமாக இருந்தால் முதல் மணைக்குத் திருகாணி போடுங்கள். சட்டத்தின் நடு ஓட்டை வட்டமாக இருக்கட்டும், இரண்டு ஓர ஓட்டைகளையும் நீள்வட்டமாக்கிவிடுங்கள்.

1959-இல் பெவிகால் வந்து, பிளைவுட்டும் லேமினேட்டும் வீடுகளை நிறைத்தபின், இந்த நுணுக்கங்கள் தச்சர்களின் அன்றாட வேலையிலிருந்தே மெல்ல விலகிவிட்டன. பிளைவுட்டில் நார் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்பட்டிருப்பதால் அது அசையாது. அசையாத சரக்குக்கு இந்தப் பள்ளமெல்லாம் எதற்கு? அதனால், இன்று வீட்டுக்கு வார்ட்ரோப் அடிக்க வரும் இளைஞரிடம் கேட்டால் தெரியாமல் போகலாம், அது அவர் குற்றமில்லை. ஐம்பதைத் தாண்டியவர் யாராவது குழுவில் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். ஹலசூர், ஸ்ரீராமபுரம் பக்கம் தமிழ் பேசும் ஆசாரிகளும் இருக்கிறார்கள். “அண்ணா, ஒரு நாள் கூலி தரேன், எனக்கு உளி தீட்டச் சொல்லிக் கொடுங்க” என்று நேராகக் கேட்கலாம். அரை நாள் என்று இழுக்க வேண்டாம், பேரமும் பேச வேண்டாம். அவருக்கு அது ஒரு நாள் வருமானம், உங்களுக்கு விடுமுறைப் பொழுது. கண்ணாடியும் கல்லும் எடுத்து வைத்து அவர் கையைப் பாருங்கள். மணிக்கட்டு எப்படிப் பூட்டி நிற்கிறது, எந்த விரல் அமுக்குகிறது, எத்தனை இழுப்புக்கு ஒரு முறை பிசிரைத் தொட்டுப் பார்க்கிறார் என்பதெல்லாம் வீடியோவில் பிடிபடாது. பலர் கால் கட்டைவிரலாலேயே கட்டையைப் பிடித்துக்கொண்டு தரையில் வேலை செய்வார்கள். அதை நீங்கள் முயன்றால் முழங்கால் விட்டுவிடும். இடுப்பெலும்பு உயரத்துக்குச் சற்றுக் கீழே நிற்கிற, ஆடாத மேசை ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். ஆடாததுதான் முக்கியம், அழகு அப்புறம்.

மழைக்காலத்தில் ஒரே வாரத்தில் உளியில் துருப் புள்ளி வந்துவிடும். வேலை முடிந்ததும் தையல் மெஷின் எண்ணெயை ஒரு துணியில் தொட்டுத் துடைத்து வையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசுக்காகிவிடும். செய்த மணைக்கு உப்புத்தாள் கூடத் தேவைப்படாது, இழைப்புளி விட்ட முகமே போதும். அதன்மேல் கடையில் ‘பாயில்டு’ என்று விற்கும் ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் தடவி, கால்மணி கழித்து மிச்சத்தைத் துடைத்து எடுத்து, ஒரு நாள் விட்டு இன்னொரு பூச்சு கொடுங்கள். அந்த எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைக் கூடையில் மட்டும் போட்டுவிடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும். சுருட்டிக் கிடக்கும் துணியில் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடித்த வீடுகள் உண்டு. பால்கனிக் கம்பியில் விரித்துப் போடுங்கள், அல்லது வாளித் தண்ணீரில் முக்கி வையுங்கள். விரித்த துணி அட்டை மாதிரி விறைத்துக் காய்ந்த பிறகு குப்பையில் போடலாம்.